நூற்றுப் பதினான்கு புள்ளிகள்

வெல்டரின் மனைவி இருபத்தெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் தெருவில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். "கல்லப் பத்திப் படிக்கப் போறாளாம். கல்லுல படிக்க என்ன இருக்கு, தூக்கிப் போட்டா கீழ விழும், அவ்வளவுதான" என்று டீக்கடையில் சொன்னதே நான்தான். இப்போது அதை மறைத்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

அதற்கு முன் அவள் குவாரி எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அங்கே பாறை பார்க்க வந்த அதிகாரியிடம், "சார், வெள்ளப் பாறைக்கு நடுவுல கறுப்பா ஒரு கோடு ஓடுதே, அது எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதர் லாரிகளைக் காக்க வைத்துவிட்டு ஒரு மணி நேரம் விளக்கினாராம். வீட்டுக்கு வந்து அதை அப்படியே புருஷனிடம் ஒப்பித்தாள். வெல்டர் பாதி புரிந்து பாதி புரியாமல் கேட்டுவிட்டு, "இவ்வளவு ஆசையா சொல்றியே, போய் அதையே படியேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியாது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

அவர்கள் வீடு என்றால் முன்னால் தகரக் கூரை போட்ட பட்டறை, பின்னால் ஒரு அறை, ஒரு சமையலறை. பட்டறையில் கிரைண்டர் ஓடுகிற நேரத்தில் பக்கத்தில் நின்று பேசினால்கூடக் கேட்காது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் மூன்று வருஷம் படித்தாள். வெல்டர் வாயால் அதிகம் பேசுகிறவர் இல்லை. மனைவிக்கு எது வேண்டுமென்றாலும் இரும்பில் செய்து கொடுத்துவிடுவார். புத்தகம் வைக்க ஒரு அலமாரி, கல் மாதிரிகள் வைக்க அறை அறையாய்ப் பிரித்த ஒரு பெட்டி, படிக்கும்போது கால் வைத்துக்கொள்ள ஒரு முக்காலி. அந்த வீட்டில் நடந்தால் எங்கேயாவது ஒரு இரும்பில் இடித்துக்கொள்ளாமல் வர முடியாது.

கடைசி வருஷக் கோடை விடுமுறையில் களப் பயிற்சி. இருபத்தோரு நாள் வெளியூரில் தங்கி, மலையும் வெயிலுமாய் நடந்து, இரண்டிரண்டு பேராக ஒரு பகுதியின் பாறைகளை அளந்து மேப் போட வேண்டும். அதில் தேறாவிட்டால் மற்ற பாடங்களில் எத்தனை மார்க் எடுத்திருந்தாலும் பட்டம் கிடையாது. அடுத்த கோடையில் முதலிலிருந்து வர வேண்டும்.

பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது? வெல்டரின் அக்கா அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தார். கோடை என்றால் அவருக்குப் பள்ளிச் சீருடை சீசன். மிஷினை விட்டு எழுந்தால் பத்து சட்டை நின்றுபோகும். அவரிடம் போய்க் கேட்டபோது நானும் அங்கே பேண்ட் சுருக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன்.

"இருபத்தோரு நாளா? எனக்குச் சோறு திங்கவே நேரமில்ல. உன் புள்ளைக்கு எப்படிப் போடுவேன்?"

"அண்ணி, நீங்க இல்லன்னா நான் போக முடியாது."

"மத்த நேரமெல்லாம் அண்ணி ஞாபகம் வராது. கல்லு பொறுக்கப் போகணும்னா மட்டும் வரும்." வாயில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திக்கொண்டே பேசினார். "சரி, இந்த ஒரு தடவைதான். அடுத்த வருஷம் திரும்ப வந்து நின்ன, கதவத் திறக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

அவர் அப்படிச் சொன்னால் அப்படித்தான். அதனால் அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரே ஒரு கோடைதான்.

அந்த முகாமுக்கு ஓடியது என் வேன். அதனால்தான் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

விடுமுறைக்குப் பூட்டியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மாணவர்கள் இருபத்திரண்டு பேர். ஐந்தாம் வகுப்பில் பெண்கள், ஆறாம் வகுப்பில் பையன்கள், சத்துணவுக் கூடத்தில் சமையல். பயிற்சியை நடத்தியவரை எல்லோரும் தொப்பி சார் என்பார்கள். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. விளிம்பு கிழிந்த ஒரு துணித் தொப்பி, அதைத் தூங்கும்போது மட்டும்தான் கழற்றுவார் என்று பேச்சு. மாணவர்கள் கையில் வைத்திருந்த அந்தப் பகுதியின் அச்சடித்த பழைய மேப், அவர் இளவயதில் நடந்து நடந்து போட்டது.

கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இருபது, இருபத்தொன்று. இவளை அவர்கள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் தொப்பி சாரும் வாய் தவறி "எங்க அந்த அக்கா?" என்று கேட்டார். எனக்கும் அதுவே பழகிவிட்டது. இனி நானும் அக்கா என்றே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு ஜோடியாகப் போட்ட பெண்ணின் பட்டப்பெயர் ரேடியோ. காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் தூங்கும்வரை நிற்காது. "அண்ணே, இந்த மலைக்கு வயசு இருநூத்தம்பது கோடி வருஷம். எங்க அம்மா என்னை எழுப்புறதுக்கு எடுத்துக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம்தான் ஜாஸ்தி" என்பாள்.

முதல் வாரம் எல்லோரையும் கூட்டமாக அழைத்துப் போய்க் காட்டினார் சார். இரண்டாம் வாரம் ஜோடி ஜோடியாகப் பிரித்து ஜோடிக்கொரு பகுதியைக் கொடுத்தார். காலை ஐந்தரைக்கு வேனை எடுப்பேன். ரொட்டி, அவித்த முட்டை, ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர். அவரவர் இடத்தில் இறக்கிவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் போய்க் கூட்டி வருவேன். பதினொரு மணிக்கெல்லாம் பாறையில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும்.

அக்கா எப்படி வேலை செய்வாள் என்று நான் நிழலில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பாறை என்பது நாம் நினைக்கிற மாதிரி சும்மா குவிந்து கிடப்பதில்லை. அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு திசையில் ஓடுகிறது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. ஓடுகிற திசையையும் சாய்ந்த அளவையும் காம்பஸ் வைத்து எடுத்து நோட்டில் எழுதி, மேப்பில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இப்படி நூறு புள்ளி சேர்ந்தால், மண்ணுக்கு அடியில் பாறை எப்படி வளைந்து போகிறது என்று மேலிருந்தே சொல்லிவிடலாமாம். வெளியே தெரியாத பாறையையும் சேர்த்துத்தான்.

பாறை முகம் கரடுமுரடாக இருக்கும். காம்பஸை நேராக வைத்தால் ஒரு மேட்டின் சாய்வுதான் வரும். அதனால் மேப் வைத்து எழுதுகிற பலகையைப் பாறைமேல் படிய வைத்து, அதன்மேல் காம்பஸை வைத்து எடுப்பார்கள். அக்காவின் பலகை வெல்டர் செய்து கொடுத்தது. மற்றவர்களுடையது வெறும் மரப் பலகை, முனை பிய்ந்து பல்லிளித்துக்கொண்டிருக்கும். அக்காவுடையதற்கு நாலு பக்கமும் மெல்லிய இரும்புப் பட்டை அடித்து, காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் கிளிப் வைத்து, தோளில் மாட்ட வார் போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார். கீழே விழுந்தால் கல்தான் உடையும். பையன்கள் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா நிதானமாக எடுப்பாள். ஊசி ஆடி நிற்கும்வரை மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள். ரேடியோ தன் மரப் பலகையில் காம்பஸை வைத்துப் பேச்சுவாக்கில் எடுத்துவிடுவாள். இருவருடையதும் ஒத்துப் போகாது.

"உனக்குத் திசை எவ்வளவு வருது?"

"நாப்பத்தஞ்சு அக்கா."

"எனக்கு அறுபது. ஊசி நிக்கறதுக்குள்ள படிச்சிடுற நீ. பொறுமையா எடு."

"பொறுமையாத்தான் எடுத்தேன்."

"வாய் ஓடுது, ஊசியும் சேர்ந்து ஓடுது."

ரேடியோ சிரித்துவிட்டுத் தன் நோட்டில் ரப்பர் போட்டு அழித்து அறுபது என்று எழுதிக்கொள்வாள். ஆறு நாள் இப்படியே போனது. நூற்றுப் பதினான்கு புள்ளிகள். அக்காவின் நோட்டு முத்து முத்தான எழுத்தில் நிறைந்தது. தொப்பி சார் அதை மற்றவர்களிடம் காட்டி, "நோட்டுன்னா இப்படி இருக்கணும்" என்றார். ரேடியோ அவர் முதுகுக்குப் பின்னால் குனிந்து கும்பிட்டாள்.

பதினான்காம் நாள் ஞாயிறு, ஓய்வு. வெல்டர் மகளைக் கூட்டிக்கொண்டு பைக்கில் வந்தார். பிள்ளை இரண்டு வாரமாக அம்மாவைப் பார்க்கவில்லை. ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று எல்லோரும் நின்றோம். அது தூரத்திலேயே நின்று, "நீ ஏன் கறுப்பா ஆயிட்ட?" என்று கேட்டது.

"வெயில்ல நடந்தேன்டா."

"அத்தை சொன்னாங்க, நீ கல்லு எண்ணிட்டு வருவன்னு. எண்ணிட்டியா?"

"நூத்திப் பதினாலு."

பிள்ளைக்கு அது திருப்தியாக இருந்தது. அப்புறம்தான் மடியில் ஏறியது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. எல்லோரும் பழகுவதற்காக முதல் நாள் அளந்தது அதைத்தான்; அன்று யாரும் அடுத்தவர் அளவோடு ஒத்துப் பார்க்கவில்லை. புருஷனுக்குத் தன் வேலையைக் காட்ட அக்கா அங்கே கூட்டிப் போனாள். பிள்ளை இரும்புப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்து பூனை வரைந்துகொண்டிருந்தது. கேட்டால் அழும். அதனால் அக்கா ரேடியோவின் மரப் பலகையை வாங்கிப் பாறைமேல் வைத்தாள்.

"இங்க பாருங்க. ஊசி நிக்கும்போது இந்த எண்ணைப் படிக்கணும். இந்தப் பாறை ஓடுற திசை எழுபத்தெட்டு. முதல் நாளே எடுத்தேன், நல்லா ஞாபகமிருக்கு."

வெல்டர் குனிந்து பார்த்தார். "அறுபத்தி நாலுன்னு இருக்கேம்மா."

"தப்பாப் படிக்கிறீங்க."

"டேப்பு படிச்சுப் படிச்சு வயசாயிருச்சு எனக்கு. அறுபத்தி நாலுதான்."

அக்கா பார்த்தாள். அறுபத்து நான்குதான். திரும்ப வைத்தாள். அறுபத்து நான்கு. அவள் முகம் மாறுவதை நான் பார்த்தேன். போய்ப் பிள்ளையின் கையிலிருந்து பலகையை வாங்கினாள். பிள்ளை அழ ஆரம்பித்தது. காம்பஸைத் தரையில் வைத்து, அதற்குப் பக்கத்தில் பலகையை மெல்லக் கொண்டுவந்தாள். ஊசி மெதுவாக, யாரோ கூப்பிட்டுத் திரும்புகிற மாதிரி, பலகைப் பக்கமாகத் திரும்பியது. பலகையை விலக்கினாள். ஊசி பழைய இடத்துக்குப் போனது.

பிள்ளையின் அழுகை நிற்கவில்லை.

"இரும்பு" என்றார் வெல்டர். "வெல்டு வச்சா பட்டையில காந்தம் ஏறிக்கும். எனக்குத் தெரியும். நாலு மூலையிலயும் வெல்டு வச்சிருக்கேன். எனக்குத் தெரியும்மா இது." தெரியும் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"எனக்கும்தான் தெரியும்" என்றாள் அக்கா. "முதல் வருஷம் முதல் பாடமே அதுதான். காம்பஸ் பக்கத்துல இரும்பு வைக்கக் கூடாது. சுத்தியலைக்கூட பத்தடி தள்ளி வச்சிட்டுத்தான் எடுத்தேன். பலகை என் கண்ணுக்கு இரும்பாவே தெரியல."

ரேடியோ தன் நோட்டை எடுத்து விரித்து வைத்துக்கொண்டு அழித்த தடங்களைப் பார்த்தாள். "அக்கா, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையா நான் சரியா இருந்திருக்கேன். அதையும் ரப்பர் போட்டு அழிச்சிட்டேன்."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு நாளா உன்னைத் திட்டினேன். தப்பு என்மேல. மன்னிச்சிரு."

"அதை நாலு பேரு முன்னாடி சொல்லுங்கக்கா, இல்லன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

வெல்டருக்கு ஒரு வழி தோன்றியது. "எழுபத்தெட்டு, அறுபத்தி நாலு. பதினாலு டிகிரி வித்தியாசம். எல்லாத்துலயும் பதினாலு கழிச்சிட்டா சரியாப் போயிடும்ல? உக்காந்தா ஒரு மணி நேர வேலை. யாருக்குத் தெரியப் போகுது?"

அக்கா அந்தப் பாறையிலேயே வேறு இரண்டு முகங்களில் இரண்டு பலகையையும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தாள். ஒன்றில் வித்தியாசம் ஆறு, இன்னொன்றில் இருபத்திரண்டு. "பலகை எந்தப் பக்கம் திரும்பி இருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி மாறுது. கழிச்செல்லாம் சரி பண்ண முடியாது. அப்படியே பண்ணினாலும், நாளைக்கு இந்த மேப்பை நம்பி ஒருத்தர் கிணறு வெட்டுவாருங்க. தண்ணி எந்தப் பக்கம் சாயுதுன்னு இதுல பாத்துத்தான் வெட்டுவாரு."

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று மாலையே இரண்டு நோட்டுகளையும் பலகையையும் எடுத்துக்கொண்டு தொப்பி சாரிடம் போனாள். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவளே போய்ச் சொன்னாள். சார் முழுக்கக் கேட்டார். பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேலை நல்ல வேலை. யார் செஞ்சது?"

"எங்க வீட்டுல."

"ம்." தொப்பியைச் சரி செய்துகொண்டார். "சாய்வு அளவெல்லாம் சரியா இருக்கும். அதுக்கு இரும்பு ஒண்ணும் பண்ணாது. ஆனா திசை இல்லாத மேப்பை நான் மேப்புன்னு வாங்கிக்க முடியாதும்மா. புதன் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எல்லாரும் குடுக்கணும். உங்களுக்காகத் தள்ளிப் போட்டா மத்த இருபது பேருக்கும் பதில் சொல்லணும்."

"தள்ளிப் போட வேண்டாம் சார். புதன் ஆறு மணிக்குக் குடுக்கிறேன்."

"மூணு நாளு. வரையறதுக்கே மூணு நாளு வேணும்."

"தெரியும் சார்."

"குடுக்க முடியலன்னா அடுத்த வருஷம்தான்."

"அடுத்த வருஷம் எனக்கு இல்ல சார்."

அவள் வெளியே வந்ததும் வெல்டர் பலகையை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த குளத்தைப் பார்த்தபடி நின்றார். தூக்கி எறியப் போகிறார் என்று எனக்கே தெரிந்தது. அக்கா அதை வாங்கிச் சமையல்காரரிடம் கொடுத்தாள். "வெங்காயம் நறுக்க வச்சுக்கோங்க. நூறு வருஷம் வரும்." மறுநாளிலிருந்து அது அங்கே அதற்குத்தான் உபயோகப்பட்டது. வெல்டரால் அப்போதும் சிரிக்க முடியவில்லை. பிள்ளையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

விஷயம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் தையல்கார அண்ணியிடமிருந்து போன் வந்தது. பெரிய குரல். ஸ்பீக்கர் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"என்னடி, என் தம்பி உன் மேப்பைக் கெடுத்துட்டானாமே. இங்க வந்து சோறு திங்காம உக்காந்திருக்கான். அவன் கையில இரும்பைக் குடுத்தது கடவுள் பண்ணின தப்பு."

"அவர் மேல தப்பில்ல அண்ணி. நான்தான் கவனிக்கல."

"யாரு தப்புங்கிறதை நீங்க ரெண்டு பேரும் அப்புறம் பங்கு போட்டுக்கோங்க. நடந்து முடிச்சிருவியா, மாட்டியா?"

"முடிச்சிருவேன்."

"புள்ள நல்லா இருக்கா. காய்ச்சல் கீய்ச்சல் வந்தாகூட உனக்குச் சொல்ல மாட்டேன், நானே பாத்துக்குவேன். நீ பாட்டுக்கு நட. சீருடையைப் பாதியில விட்டுட்டு இங்க உக்காந்திருக்கேன், பெயிலாயிட்டு வந்து நிக்காத." போன் வைக்கப்பட்டது.

"வாழ்த்துறாங்களா, மிரட்டுறாங்களா?" என்று ரேடியோ கேட்டாள்.

"அவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் அக்கா.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நாலரைக்கே வேனை எடுத்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாக எடுத்தேன். வெளிச்சம் வரும்போது அவர்கள் முதல் புள்ளியில் நிற்க வேண்டும். ரேடியோவுக்கு வேறு ஜோடியோடு சேர்ந்துகொள்ள சார் அனுமதி கொடுத்திருந்தார். அவள் போகவில்லை. "புள்ளி இருக்கிற இடமெல்லாம் எனக்குத்தான் மனப்பாடம். அக்காவுக்கு வழி தெரியாது, எருமை மாதிரி நேரா போவாங்க" என்றாள்.

ஆறு நாள் நடந்ததை இரண்டரை நாளில் நடந்தார்கள். இந்தத் தடவை ரேடியோ ஒரு புள்ளியில் படித்துச் சொல்ல, அக்கா தனியாகப் படித்துச் சொல்ல, இரண்டும் ஒத்துப் போனால்தான் எழுதுவது. உச்சி வெயிலிலும் திரும்பி வரவில்லை. நான் சோற்றையும் பருப்பையும் தூக்குவாளியில் கொண்டுபோய் முள்மரத்து நிழலில் வைத்துக் காத்திருப்பேன். அக்கா நின்றுகொண்டே சாப்பிடுவாள். உட்கார்ந்தால் எழ முடியாது என்பாள். செவ்வாய் மதியம் ரேடியோவின் ஷூ, ஷூவா செருப்பா என்று தெரியாதபடி அடிப்பாகம் வாய் பிளந்துவிட்டது. என் வேனில் இருந்த கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டேன். அதோடு நடந்தாள். அன்றைக்குத்தான் ரேடியோ பேசாமல் இருந்ததை முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

புதன் பத்து மணிக்கு நூற்றுப் பதினான்காவது புள்ளி முடிந்தது. வேனிலேயே தாளை விரித்துத் திசைகளைக் குறிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் வந்ததும், "அண்ணே, வண்டியை நிறுத்துங்க" என்றாள். ஏதோ விட்டுப் போய்விட்டது என்று பயந்து நிறுத்தினேன்.

"இது வளையுது" என்றாள்.

"எது?"

"வெள்ளைப் பாறை. சாரோட மேப்புல அது மேற்கால நேரா போகுது. என் பழைய அளவுலயும் நேராத்தான் போச்சு, அதனால எனக்குச் சந்தேகமே வரல. இப்ப பாருங்க, ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் கொஞ்சமா தெக்கால திரும்புது. குன்றைத் தாண்டி நேரா போகல. குன்றுக்குத் தெக்க இருக்கிற பொட்டலுக்கு அடியில வளைஞ்சு திரும்ப வருது. குதிரை லாடம் மாதிரி."

"பொட்டல்ல பாறையே இல்லயேம்மா. வெறும் மண்ணுதான்."

"மண்ணுக்கு அடியில."

ரேடியோ எட்டிப் பார்த்தாள். "அக்கா, அப்ப சார் மேப் தப்பா?"

அக்கா பென்சிலைச் சீவினாள். "சார் வரும்போது அங்க என்ன இருந்துச்சோ. என் புள்ளி எங்க கூட்டிட்டுப் போகுதோ அங்கதான் கோடு போடுவேன்."

கண்ணால் பார்த்த எல்லையை முழுக்கோடாகவும், மண்ணுக்கு அடியில் இருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற எல்லையை விட்டு விட்டுக் கோடாகவும் போடுவது அவர்கள் வழக்கம். வெள்ளைப் பாறை முடிந்து கறுப்புப் பாறை ஆரம்பிக்கிற எல்லையை அந்தப் பொட்டலின் நடுவே விட்டு விட்டுப் போட்டாள். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேப்பைக் கொடுத்தாள். தொப்பி சார் அந்தக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெளியிலிருந்து ஒரு அம்மா தேர்வாளராக வந்தார். குள்ளமாக, நரைத்த தலையோடு, எங்கள் எல்லோரையும்விட வேகமாக நடப்பார். ஒவ்வொரு ஜோடியையும் அவரவர் இடத்துக்கே கூட்டிப் போய்க் கேள்வி கேட்டார். முதல் நாளே இரண்டு ஜோடிகள் அழுதுகொண்டு திரும்பின. அக்காவும் ரேடியோவும் கடைசி ஜோடி, இருபத்தோராம் நாள்.

அன்று காலை மனைவியை அழைத்துப் போக வெல்டர் மகளோடு வந்துவிட்டார். தேய்த்த சட்டை, தேய்த்த பேண்ட். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருந்தார். வேனில் ஏற்றிக்கொண்டேன். "வேனை விட்டு இறங்காம இருந்தா சரி" என்றார் சார்.

தேர்வாளர் மேப்பை வெயிலில் விரித்து நேராகப் பொட்டலுக்கு நடந்தார். நாலு பக்கமும் மண். ஒரு கல்கூட இல்லை.

"எல்லை இந்த வழியா போகுதுன்னு போட்டிருக்கீங்க. சாரோட மேப்புல இங்கிருந்து முந்நூறு மீட்டர் வடக்கால இருக்கு. அவர் இங்க முப்பது வருஷமா வர்றவரு. நீங்க மூணு வாரம். யாரை நம்புறது?"

அக்கா நோட்டை விரித்துக் காட்டினாள். "என்னை நம்ப வேண்டாம் மேடம். குன்றுல பன்னெண்டு புள்ளி எடுத்திருக்கோம், கிழக்கால ஒன்பது. ரெண்டு பக்கமும் உள்பக்கமா திரும்புது. ரெண்டையும் சேர்த்தா இந்த வழியாத்தான் வந்தாகணும்." பலகையில் ஏற்பட்ட தவறு, ஆறு நாள் வீணானது, திரும்ப எடுத்தது, எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"எந்த இடம்னு காட்ட முடியுமா? சுமாரா இல்ல. இடம்."

அக்கா மேப்பைப் பார்த்தாள். குன்றைப் பார்த்தாள். அடி எண்ணி நடந்தாள். ஓரிடத்தில் நின்று குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். "இங்க. அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் கறுப்பு. ரெண்டடி தள்ளி இருக்கலாம், அதுக்கு மேல இருக்காது."

"தோண்டிப் பாத்துருவோமா?" என்றார் தேர்வாளர். பரீட்சை எழுதுகிறவர்கள் தோண்டக் கூடாது. நான் வேனிலிருந்து கடப்பாரையையும் மண்வெட்டியையும் எடுத்தேன். என் முதுகு அப்படி. பத்து குத்துக்கு மேல் தாங்காது. வெல்டர் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவற்றை வாங்கிக்கொண்டார். சார் பார்த்தார், தடுக்கவில்லை.

மண் இறுகிக் கிடந்தது. வெல்டர் குத்தினார். முழங்கால் ஆழம்வரை மண், மண்ணுக்குக் கீழே சரளை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ரேடியோ வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். அக்கா குழிக்குள் பார்க்கவில்லை. குன்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் அரையடி போப்பா" என்றார் தேர்வாளர்.

இடுப்பளவு குழியில் கடப்பாரையின் சத்தம் மாறியது. வெல்டர் குனிந்து கையால் மண்ணை வழித்தார். ஒரு கைப்பிடியை எடுத்து வெளியே வைத்தார். வெள்ளையாக, சர்க்கரை மாதிரி நொறுங்கியது. குழியின் மறு ஓரத்தில் வழித்து இன்னொரு கைப்பிடி வைத்தார். கரி மாதிரி கறுப்பு.

தொப்பி சார் முன்னால் வந்தார். குழியின் விளிம்பில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்து இரண்டையும் வெகு நேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே முழு வழுக்கை. மூன்று வாரத்தில் நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

"நான் இந்தப் பொட்டல்ல தோண்டவே இல்ல" என்றார் தேர்வாளரிடம். "குன்றுல ஆறு புள்ளி எடுத்துட்டு நேரா கோட்டை இழுத்துட்டேன். சின்ன வயசு, அவசரம்." பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த வருஷப் பசங்களுக்கு உங்க மேப்பைத்தான் குடுக்கப் போறேன்."

தேர்வாளர் மேப்பை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "விட்டு விட்டுப் போட்டிருக்கீங்க. இந்த இடத்துல முழுக்கோடா போட்டுக்கோங்க. போட்டுட்டுக் கையெழுத்துக்குக் குடுங்க, எனக்குக் கேக்க வேற ஒண்ணும் இல்ல." ரேடியோ தரையில் உட்கார்ந்து கயிறு கட்டிய ஷூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அழுதபடியே பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

தேர்வாளர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே தலை முதல் கால்வரை புழுதியோடு வெல்டர் நின்றிருந்தார். "நல்லா தோண்டினப்பா. பாறையைச் சேதப்படுத்தாம ஓரமா எடுத்திருக்க. எந்த ஊரு ஆளு நீ? கேம்ப்புக்கு வேலைக்கு வந்தியா?"

வெல்டர் கையைத் தேய்த்த பேண்டில் துடைத்துக்கொண்டார். பேச்சு வராத மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"இல்ல மேடம். இந்த மேப் போட்டாங்கல்ல, அவங்க வீட்டுக்காரர் நான்."

பதினோரு வருஷமாக அந்த மனிதரை எனக்குத் தெரியும். மனைவியை அவர் அவங்க என்று மரியாதையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். தேர்வாளர் சிரித்து, கை கொடுத்துத் தூக்கிவிட முன்னால் குனிந்தார். வெல்டர் ஏறுவதற்காக ஒரு காலை விளிம்பில் வைத்தார்.

"ஏங்க, வெளிய வராதீங்க" என்றாள் அக்கா. காம்பஸும் ரேடியோவின் மரப் பலகையும் கையில் இருந்தன. "அந்தக் கறுப்பு ஓரத்துல இன்னும் ஒரு முழம் தோண்டுங்க. சாய்வு எடுக்கணும். இது நூத்திப் பதினஞ்சு."

வெல்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.